சிற்றுயிர் காத்த பேருலகு

நுழையும்முன்

வேற்றுக்கோளினர் பூவுலகின்மீது படையெடுத்தால் என்ன நேரும்? இவ்வினாவைப் புதினமாக்கி, வலியோர் எளியோர்க்கு இழைக்கும் கொடுமையை எண்ணிப் பார்க்கச் செய்தவர் எச்.ஜி. வெல்ஸ். துணிக்கடையில் பணிபுரிந்த சிறுவர் ஒருவர் அறிவியல் புனைவின் முன்னோடியாக உயர்ந்த வரலாற்றை அறிவோம்.

வறுமையும் வாசிப்பும்

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ், 1866ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியிலுள்ள புரோம்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப், பீங்கான் பொருள்களும் மட்டைப்பந்துக் கருவிகளும் விற்கும் சிறுகடை நடத்தினார்; மட்டைப்பந்து ஆடியும் பொருளீட்டினார். ஏழு வயதில் கால் முறிந்து படுக்கையில் கிடந்த வெல்ஸுக்கு நூல்களே துணையாயின. 1877ஆம் ஆண்டு தந்தையின் தொடையெலும்பு முறிந்ததால் ஆட்டத்தால் வந்த வருவாய் நின்றுபோயிற்று. குடும்பத்தைக் காக்கும்பொருட்டுத் தாய் சாரா, அப்பார்க் என்னும் மாளிகையில் மேற்பார்வையாளராகப் பணியேற்றார். தாயைக் காணச் சென்ற வெல்ஸ், அம்மாளிகையின் நூலகத்தில் ஆழ்ந்து படித்தார். கழற்றிப் போடப்பட்டிருந்த தொலைநோக்கி ஒன்றைத் தாமே பொருத்தி, நள்ளிரவு கடந்தும் நிலவின் குழிகளை உற்றுநோக்கினார்.

ஆயினும், வறுமை அவரைச் சவுத்சீயிலிருந்த துணிக்கடை ஒன்றில் தொழில் பழக அனுப்பியது. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர உழைப்பு அவரை வாட்டியது. 1883ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உணவும் கொள்ளாமல் ஏறத்தாழ 17 மைல் நடந்து தாயை அடைந்தார். அக்கடையில் இனித் தொடர இயலாது என்பதை உறுதியுடன் தெரிவித்தார். அந்த நடையே அவர் வாழ்வின் திருப்புமுனையாயிற்று. மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்து, இரவும் பகலும் கற்றார்.

நுண்ணோக்கி காட்டிய உலகு

1884ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்று, இலண்டன் தென் கென்சிங்டனில் இருந்த அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். டார்வினின் பரிணாமக் கொள்கையை முன்னின்று விளக்கிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். அனைத்து உயிர்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மாந்தரும் அவற்றுள் ஓர் இனமே என்னும் தெளிவு அங்கே பிறந்தது. 1887ஆம் ஆண்டுத் தேர்வில் தோல்வி, ஆடுகளத்தில் ஏற்பட்ட சிறுநீரகக் காயம், இருமலில் குருதி எனத் துன்பங்கள் தொடர்ந்தபோதும் அவர் தளரவில்லை. 1890ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். உடல்நலிவு ஆசிரியப் பணியைக் கைவிடச் செய்ய, எழுத்தே வாழ்வாயிற்று. 1895இல் வெளியான ‘கால இயந்திரம்’ என்னும் புதினம் அவருக்குப் புகழ் சேர்த்தது.

உலகங்களின் போர்

அக்காலத்தில் செவ்வாய்க்கோளில் உயிரினங்கள் வாழ்கின்றனவா என்பது அறிஞரிடையே பெரும்பேச்சாக இருந்தது. ஒருநாள் தமையன் ஃபிராங்குடன் உலாவியபோது, ஐரோப்பியக் குடியேற்றத்தால் தாஸ்மேனியத் தீவின் பழங்குடியினர் அழிவுக்குள்ளானது பற்றிய பேச்செழுந்தது. அதுபோன்றே வேற்றுக்கோளினர் இங்கிலாந்தில் வந்திறங்கினால் என்னவாகும் என்று ஃபிராங்க் எழுப்பிய எண்ணமே ‘உலகங்களின் போர்’ என்னும் புதினத்திற்கு வித்தாயிற்று. வெல்ஸ் வோக்கிங் நகரில் குடியிருந்தபோது மிதிவண்டியில் சுற்றி, கதை நிகழும் இடங்களை நேரில் கண்டு குறித்துக்கொண்டார். 1897இல் இதழில் தொடராக வந்த அக்கதை, 1898இல் நூலாயிற்று.

ஹார்செல் பொதுவெளியில் வந்து விழும் உருளையிலிருந்து செவ்வாயர் வெளிப்படுகின்றனர். மூன்று கால்களால் நடக்கும் போர்ப்பொறிகள், வெப்பக்கதிர், நச்சுப்புகை ஆகியவற்றின்முன் பீரங்கிகளால் நிலைத்து நிற்க இயலவில்லை. உலகில் பெரும்பகுதியை ஆண்ட பேரரசின் தலைநகர மக்கள் ஏதிலிகளாய் ஓடுகின்றனர். பிற நாட்டார்க்குத் தாம் இழைத்த துன்பம் எத்தகையது என்பதை ஆங்கிலேயரே உணரும்படி அமைந்தது அக்காட்சி.

இறுதியில் பூவுலகைக் காத்தது படைவலிமையன்று. செவ்வாயில் இல்லாத நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலின்றி, படையெடுத்து வந்தோர் மாண்டனர். எண்ணற்ற தலைமுறைகளாக நோயுற்றும் இறந்தும் மாந்தரினம் பெற்ற எதிர்ப்பாற்றலே அதற்கு அரணாயிற்று. நுண்ணோக்கியில் கற்ற பாடத்தைக் கதையின் முடிவாக்கினார் வெல்ஸ்.

கனவும் எச்சரிக்கையும்

அந்நூலைத் தம் பதினாறாம் வயதில் படித்து விண்பயணக் கனவு கொண்ட அமெரிக்கச் சிறுவர் இராபர்ட் காடர்ட், 1926ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் திரவ எரிபொருளால் இயங்கும் உலகின் முதல் ஏவூர்தியைச் செலுத்தினார்.

1914இல் வெளியான ‘விடுவிக்கப்பட்ட உலகம்’ என்னும் புதினத்தில், அணுகுண்டுகள் நகரங்களை அழிப்பதாக வெல்ஸ் கற்பனை செய்தார். அந்நூலைப் படித்திருந்த லியோ சிலார்டு என்னும் இயற்பியலாளர், 1933இல் அணுக்கருத் தொடர்வினையை எண்ணிக் கண்டார். 1945ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன. போர்களுக்கு முடிவுகட்ட உலகப் பொது அரசு வேண்டும் என்று நெடுங்காலம் வலியுறுத்தியும் மனித உரிமைகளுக்காக எழுதியும் வந்த வெல்ஸ், தம் கற்பனையின் கொடும்பகுதி மெய்யானதைக் கண்டபின், 1946ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் மறைந்தார்.

செவ்வாயரிடமிருந்து புவியைக் காக்கக் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் போதுமானதாக இருந்தது. மாந்தரே ஆக்கிய படைக்கலத்திலிருந்து புவியைக் காக்க எந்தச் சிற்றுயிரும் வாராது. அப்பணி மாந்தரின் அறிவுக்கும் அருளுக்கும் உரியது. வெல்ஸின் வாழ்வும் எழுத்தும் நமக்கு விட்டுச்சென்ற கடமை இதுவேயாகும்.