இங்கிலாந்திடம் கடன் பாக்கி கேட்ட கோவைக்காரர்

கோவை:
சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை போட்டவர் நம்ம கோவையில் 1892-ல் பிறந்த ஆர்.கே.சண்முகம் செட்டியார். பக்கத்து கொச்சி சமஸ்தானத்தில் திவானாகவும் இருந்தவர்.

2-வது உலகப்போரில் இங்கிலாந்து படைக்கு இந்தியாவில் இருந்து துணிமணி, தளவாடம் என்று சரக்கு போய்க்கொண்டே இருந்தது. அதற்கு கையில் காசு தரவில்லை. லண்டனில் கணக்கு எழுதி வைத்தார்கள். அந்த கணக்கை காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். விலைவாசி எகிறியது. வயிறு காய்ந்தது ஏழைகள்தான்.

1944-ல் அமெரிக்காவில் பிரெட்டன் உட்ஸ் பண மாநாட்டுக்கு இந்திய குழுவில் போன சண்முகம் செட்டியார், இந்த பாக்கியை கிளப்பினார். இங்கிலாந்து நழுவி விட்டது. போர் முடிந்தபோது பாக்கி சுமார் 130 கோடி பவுண்டு.

நிதி மந்திரி ஆன அவர் 1947 நவம்பர் 26-ந்தேதி டெல்லியில் பட்ஜெட் வைத்தார். அப்போ காஷ்மீரில் சண்டை. ஒருபக்கம் பிரிவினை அகதிகள். ஏழரை மாத செலவு ரூ.197 கோடியே 39 லட்சம். அதில் ராணுவத்துக்கு மட்டும் ரூ.92 கோடியே 74 லட்சம். துண்டு விழுந்தது ரூ.26 கோடியே 24 லட்சம்.

1948-ல் லண்டனுக்கே போய், பாக்கியில் ஒரு பகுதியை விடுவிக்க ஒப்பந்தம் பேசி முடித்தார்.

ஊர் திரும்பியதும் சிக்கல். வருமான வரி விசாரணை பட்டியலில் இருந்து சிலர் பெயர் நீக்கப்பட்டது ஏன் என்று டெல்லி சபையில் கேள்வி கிளம்பியது. பொறுப்பேற்று அந்த ஆகஸ்டு மாதமே பதவி விலகினார். 1953-ல் காலமானார்.

வெள்ளைக்காரனிடம் கணக்கு கேட்டவரும் சபைக்கு கணக்கு சொல்ல வேண்டி வந்தது.