சித்திரத் தொண்டர் கொண்டையராஜு

மலையகத்துத் தோட்டங்களில் எந்த லயத்துக் காம்பிராவுக்குள் நுழைந்தாலும், அடுப்புப் புகையால் மங்கிய கண்ணாடிக்குப் பின்னே ஒரு சாமிப் படத்தைக் காணலாம். மயில்மீது அமர்ந்த முருகன், தாமரைமீது நின்ற இலக்குமி, வீணை ஏந்திய வாணி என்று வீட்டுக்கு வீடு தெய்வம் மாறும். படம் இல்லாத வீடு அரிது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கு விளக்கேற்றுகிறோம். பரீட்சைக்குப் புறப்படும் காலையில் அதன் முன் நின்று திருநீறு பூசிக்கொள்கிறோம். கோயில் எழுப்பிய மன்னர்களின் பெயர்களைச் சரித்திர பாடத்தில் படித்தோம். பதிகம் பாடிய அடியார்களின் பெயர்களை அறநெறி வகுப்பில் படித்தோம். ஆனால் நாள்தோறும் நாம் கைகூப்பும் அந்தப் படத்தை எழுதியவர் யார் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

அத்தகைய படங்களை எழுதியவர் பலர். அவர்களுள் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்றவர், பின் வந்தோர் பலருக்கும் வழிகாட்டியாய் நின்றவர், கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜு ஆவார். அவர் வாழ்ந்த காலம் 1898 முதல் 1976 வரை. அவர் வாழ்க்கை நேர்ப் பாதையில் சென்ற வாழ்க்கையன்று. திசை மாறித் திசை மாறிச் சென்று, எவரும் எதிர்பாராத இடத்தில் பயன் கொடுத்த வாழ்க்கை. ஆதலாலேயே இளைஞராகிய நாம் அதனை அறிதல் நன்று.

கொண்டையராஜு ஓவியத் தொழிலோடு தொடர்புடைய மரபிலே தோன்றியவர். சென்னை ஓவியக் கலாசாலையில் பயின்றார். 1850 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அக்கலாசாலை, மேனாட்டு முறையில் உருவங்களை அளவறிந்து வரையவும், ஒளியும் நிழலும் உணர்ந்து வண்ணம் தீட்டவும் கற்பித்தது. அங்கே தேர்ச்சி பெற்றவருக்கு அந்நாளில் சில வழிகள் தெளிவாக இருந்தன. பாடசாலையில் சித்திர ஆசிரியராகலாம். ஜமீன்தார்களையும் உத்தியோகத்தரையும் உருவப்படமாக எழுதிப் பொருளும் புகழும் ஈட்டலாம். பெற்றோர் விரும்பும் வழிகளும் அவையே.

அவரோ அவ்வழிகளில் நிலைக்கவில்லை. உள்ளம் துறவை நாடியது. திருவண்ணாமலைக்குச் சென்று இரமண மகரிஷியின் ஆசிரமத்தில் தங்கினார். கல்வியெல்லாம் வீணாயிற்று என்று உற்றார் வருந்துவதற்கு இடமளிக்கும் செயல்தான் இது. எனினும் கொண்டையராஜு காலமெல்லாம் ஆசிரமத்திலேயே இருந்துவிடவில்லை. மீண்டும் தூரிகையைக் கையில் எடுத்தார். ஆனால் இல்லறம் ஏற்கவில்லை. பொருள் சேர்க்கும் ஆசையும் கொள்ளவில்லை. அண்ணாமலையின் அடிவாரத்தில் பெற்ற எளிமை இறுதிவரை அவரைவிட்டு நீங்கவில்லை.

அடுத்து அவர் புகுந்த இடம் நாடகக் கொட்டகை. தவத்தை நாடிச் சென்றவர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் என்றால் வியப்பாகத்தான் இருக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த நாடக மரபு தமிழகமெங்கும் பரவியிருந்த காலம் அது. கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்று கொட்டகை போட்டு நடித்தன. அரண்மனை, நந்தவனம், காடு, கடைவீதி, கைலாயம் என ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு திரை வேண்டும். கொண்டையராஜு அத்திரைகளை எழுதினார். திரை எழுதுவோன் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனையும் நினைந்து எழுத வேண்டும். கோடு தெளிவாக இருத்தல் வேண்டும். வண்ணம் விளக்கொளியில் எடுப்பாகத் தெரிதல் வேண்டும். தட்டையான துணியிலே தூரமும் ஆழமும் தோன்றுதல் வேண்டும். கலாசாலை கற்பிக்காத இந்தப் பாடத்தைக் கொட்டகை அவருக்குக் கற்பித்தது.

1931 இல் தமிழில் பேசும் படம் வந்தது. நாளடைவில் நாடகக் கம்பெனிகள் நலிந்தன. 1940களில் கொண்டையராஜுவின் கம்பெனியும் கலைந்தது. அப்போது அவர் இருந்த ஊர் கோவில்பட்டி. கரிசல் மண்ணும், பருத்தியும், தீப்பெட்டித் தொழிலும் உடைய அச்சிற்றூரிலேயே அவரும் அவருடன் இருந்த இளைஞர் சிலரும் தங்கிவிட்டனர். பிழைக்க வழி வேண்டுமே! தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்னும் புகைப்பட நிலையம் தோன்றியது. படம் பிடிக்க வருவோர்க்குப் பின்னால் தொங்கும் திரையை எழுதுவதும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவதும் அங்கே நடைபெற்ற பணிகள். கலாசாலையில் கற்றவர் ஒரு சிற்றூர் ஸ்டூடியோவில் முடங்கினாரே என்று அன்று யாரேனும் இரங்கியிருக்கவும் கூடும். ஆயினும் அவருடைய பெரும்பணி அங்கிருந்துதான் தொடங்கியது.

அதனை உணர அச்சுப் படத்தின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். தெய்வங்களின் உருவங்களைக் கல்லச்சில் வண்ணப் படங்களாகப் பெருக்கி நாடெங்கும் பரப்பியவருள் முதன்மையானவர் திருவிதாங்கூர் ஓவியர் இரவிவர்மா (1848–1906). அவர் 1894 இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவினார். தொழில் நட்டத்தில் முடிந்து, அச்சுக்கூடம் ஜெர்மானியர் ஒருவர் கைக்குச் சென்றது. படங்களோ நாடெங்கும் வீடுகளுக்குச் சென்றன.

தெற்கே சிவகாசியில் கதை வேறு விதமாக வளர்ந்தது. அவ்வூர் நாடார் சமூகத்தார் அந்நாளில் கோயிலுக்குள் செல்லத் தடுக்கப்பட்டிருந்தனர். நுழைவு கோரியமையால் எழுந்த பகை 1899 இல் பெருங்கலவரமாய் மூண்டு உயிர்களைக் கொண்டது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908 இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அச்சமூகத்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும்; லேபிளுக்கு அச்சுக்கூடம் வேண்டும். லேபிள் அடித்த இயந்திரமே பின்னர் வணிக நிலையங்களுக்குக் கலண்டரும் அடித்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிற் கதவு எல்லாச் சாதியார்க்கும் திறந்தது 1939 இல். ஒரு காலத்தில் தெய்வத்தைக் காணத் தடுக்கப்பட்ட சமூகத்தார், பின்னாளில் தெய்வத்தின் திருவுருவை வீடுதோறும் அனுப்பிவைக்கும் தொழிலதிபர்களாய் விளங்கினர்! சரித்திரம் இவ்வாறும் நீதி செய்வதுண்டு.

அவ்வச்சுக்கூடங்களுக்கு ஓவியர் வேண்டியிருந்தபோது, அருகிலிருந்த கோவில்பட்டியில் கொண்டையராஜு இருந்தார். அவர் கடந்து வந்த பாதை முழுவதும் அப்போது ஒன்றுகூடியது. அவருடைய படங்களை உற்று நோக்குவோர்க்கு இது விளங்கும். அளவு பிசகாத உடலமைப்பில் கலாசாலைப் பயிற்சி தெரிகிறது. பின்னணியில் விரியும் பொய்கையும் கோபுரமும் மலையருவியும் நாடகத் திரையை நினைவூட்டுகின்றன. உருவம் நம்மை நேருக்கு நேர் நோக்கி நிற்கும் நிலையிலோ புகைப்பட நிலையத்தின் சாயலைக் காண்கிறோம். முகத்திலுள்ள அமைதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், திருவண்ணாமலையிலிருந்து என்று சொல்ல நமக்குத் துணிவு உண்டாகிறது.

கலண்டர் ஓவியத்துக்குத் தனி இலக்கணம் ஒன்றுண்டு. அடியில் கடைப் பெயருக்கும் நாட்தாளுக்கும் இடம் விட வேண்டும். பெயர் தெய்வத்தின் பாதத்தை மறைத்தல் ஆகாது. எழுத்தறியாதவரும் ஆயுதத்தையும் வாகனத்தையும் கண்டு இன்ன தெய்வம் என்று உணர வேண்டும். பல்லாயிரம் பிரதிகள் அடித்தாலும் வண்ணம் கெடாதவாறு எழுத வேண்டும். யாவற்றினும் மேலாக, தெய்வத்தின் கண்கள் பார்ப்பவனைப் பார்க்க வேண்டும். கோயிலுக்குப் போய் நாம் தெய்வத்தைக் காண்பது மட்டுமன்று, தெய்வம் நம்மைக் காண்பதும் தரிசனமல்லவா? வணிகனின் தேவை, அச்சுக்காரனின் தேவை, அடியவனின் தேவை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் இணக்கி வைத்தவர் கொண்டையராஜு. இன்று கிராபிக் டிசைன் என்று பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படும் கலையின் சாரமும் இதுதான்.

அவருடைய மற்றொரு பெருமை மாணாக்கரை நடத்திய முறையில் உள்ளது. டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், இராமலிங்கம், செண்பகராமன் முதலியோர் அவரிடம் பயின்று தாமும் கலண்டர் ஓவியராயினர். குரு எழுதத் தொடங்கியதை மாணவர் முடிப்பதும், மாணவர் எழுதியதைக் குரு திருத்துவதும் அங்கே வழக்கம். படத்தின் கீழே தம் பெயருடன் மாணவரின் பெயரும் சேர்ந்து விளங்கச் செய்தார். கொண்டையராஜு, சுப்பையா என்னும் இருவர் பெயரையும் தாங்கிய படங்கள் இன்றும் உள்ளன. பிறர் உழைப்பில் தம் பெயரைப் பொறித்துக்கொள்வோர் மலிந்த உலகில் இது சிறிய குணமன்று.

அவருடைய கலை குறையற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. கலையறிஞர் பலர் கலண்டர்ப் படங்களைக் கலையென்றே ஏற்கவில்லை. ஒரே முகம், ஒரே மினுமினுப்பு, சினிமா நடிகையரின் சாயல் என்று ஒதுக்கினர். பிற்காலத்தில்தான் கனடா நாட்டு ஸ்டீபன் இங்கிலிஸ் போன்ற ஆய்வாளர் கோவில்பட்டிக்கு வந்து இவற்றை ஆராய்ந்து எழுதினர். நமக்கும் ஒரு குறை தோன்றுகிறது. கலண்டர்த் தெய்வங்களின் மேனி பெரும்பாலும் வெயில் படாத மேனியாக இருக்கிறது. நம் அன்னையரின் கறுத்த நிறம் அம்பிகைக்கு வாய்ப்பது அரிது. புராணத் தெய்வங்கள் சுவரெல்லாம் நிறைய, மாடசாமியும் முனியாண்டியும் மரத்தடியிலேயே நின்றுவிட்டனர்.

ஆயினும் அப்படங்கள் செய்த தொண்டை எவரும் மறுத்தல் இயலாது. நாம் கற்ற மிஷன் பாடசாலைச் சுவரில் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த நல்ல மேய்ப்பனின் அச்சுப் படம் தொங்கியது. ஏழைப் பிள்ளைக்கும் மேய்ப்பன் ஒருவன் உண்டு என்று அது சொல்லாமற் சொல்லியது. வீட்டுக்கு வந்தால் முருகன் படம் அதையே சொல்லியது. எம் முன்னோர் கடல் கடந்து இம்மலைக்கு வந்தபோது கல்லையும் சூலத்தையும் நட்டுக் கும்பிட்டனர். அவர்களுள் பலர் தம் சொந்த ஊரிலே கோயில் வாசலைத் தாண்ட அனுமதியற்றவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பத்தடிக் காம்பிராவுக்குள்ளே தெய்வம் வந்து நின்றது. பூசகர் வேண்டியதில்லை, சாதி கேட்பாரில்லை. ஆண்டு முடிந்ததும் நாட்தாளைக் கிழித்து, கடைப் பெயரை வெட்டி, படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். வெட்டிய கீழ்ப் பகுதியோடு ஓவியரின் பெயரும் சில வேளை போயிருக்கும். துறவை விரும்பியவருக்கு அது பொருத்தமே என்றாலும், பெயரை மறந்தது நம் குற்றம்.

இனி நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் சித்திரம் வரையும் கையுடைய பிள்ளைகள் குறைவில்லை. திருவிழாப் பதாகை எழுதுவோர் உண்டு; கோயிற் சுவருக்கு வண்ணம் தீட்டுவோர் உண்டு; கைத்தொலைபேசியிலேயே விளம்பரம் அமைப்போரும் உண்டு. ஆனால் படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்னும் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய் அவ்வாறு கேட்பது நியாயமே. அவளைக் கடிந்து பயனில்லை. அவளுக்குச் சொல்லத்தக்க விடை கொண்டையராஜுவின் வாழ்வில் இருக்கிறது. அவர் எந்தச் சிறு வேலையையும் இழிவென்று தள்ளவில்லை. திரை எழுதினார், புகைப்படத்துக்கு வண்ணம் தீட்டினார், கலண்டர் எழுதினார். ஒன்றில் கற்றதை மற்றொன்றில் பயன்படுத்தினார். முதலில் கைப்பயிற்சியை நிறைவாகப் பெற்றிருந்தமையால்தான் வழி மாறியபோதெல்லாம் அவர் வீழ்ந்துவிடவில்லை. விருப்பம் மட்டும் போதாது. பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும்.

அவர் செய்யாது விட்ட பணி ஒன்றும் நமக்காகக் காத்திருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களைக் காக்கும் ரோதமுனிக்கும், கவ்வாத்து மலையில் நாம் கும்பிடும் கவ்வாத்துச் சாமிக்கும் கலண்டரில் இடம் கிடைப்பது அரிது. கோவில்பட்டியிலிருந்தோ சிவகாசியிலிருந்தோ எவரும் வந்து அவர்களை எழுதித் தரப் போவதில்லை. இம்மலையின் மழையையும் மூடுபனியையும் அறிந்த கை ஒன்றுதான் எழுத வேண்டும். அந்தக் கை நம் சங்கத்து இளைஞர் ஒருவருடையதாக இருக்கட்டும். எழுதி முடித்தபின், படத்தின் கீழே தம் பெயரையும் உடன் உழைத்தவர் பெயரையும் தெளிவாக எழுதி வைப்பாராக. ஓவியர் கொண்டையராஜுவின் நினைவுக்கு அதனினும் சிறந்த வணக்கம் இல்லை.