பிபி 300/190... உலகப்போர் நேரத்தில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு என்ன நடந்தது?

1945 ஏப்ரல் 12, மதிய நேரம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் வார்ம் ஸ்பிரிங்ஸில் உள்ள வீட்டில், தன்னை ஓவியம் வரைவதற்காக உட்கார்ந்திருந்தார் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். திடீரென பின்னந்தலையில் கடும் வலி. மயங்கிச் சரிந்தவருக்கு அதன்பின் நினைவு திரும்பவே இல்லை. டாக்டர் பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் 300/190. பிற்பகல் 3.35-க்கு உயிர் பிரிந்தது. வயது 63. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ரத்தக்கசிவு.

இப்படி நடக்கும்னு எதிர்பார்க்கவே இல்லை என்றார் வெள்ளை மாளிகை மருத்துவர் ராஸ் மெக்கின்டயர். ஆனால் பழைய பிபி அளவுகளைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. 1935-ல் 136/78. 1937-ல் 162/98. 1941-ல் 188/105. பத்து வருஷமா ஏறிக்கொண்டே வந்திருக்கிறது!

1882-ல் நியூயார்க் மாநிலத்தின் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் ரூஸ்வெல்ட். 39 வயதில் போலியோ தாக்கி கால்கள் செயலிழந்தன. அதையும் மீறி 1933-ல் அதிபரானார். எல்லோரும் அவர் கால்களைத்தான் கவனித்தார்கள், உள்ளே இதயம் படும் பாடு யாருக்கும் தெரியவில்லை.

1944 மார்ச்சில் இருமல், மூச்சுத்திணறல், ஓயாத சோர்வு. மகள் அன்னா வற்புறுத்தியதால் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் இதயநோய் நிபுணர் ஹோவர்ட் புரூன் பரிசோதித்தார். பிபி 186/108. இதயம் வீங்கிப் பெரிதாகியிருந்தது. இதய செயலிழப்பு.

அப்படின்னா இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அழுத்தம் கூடக்கூட, அதை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்கணும். அதில் தசை தடித்து, கடைசியில் தளர்ந்துபோகும். தள்ள முடியாத ரத்தம் தேங்கும்போது நுரையீரலில் நீர் கோக்கும். படுத்தால் மூச்சு முட்டுவது இதனால்தான். அதே அழுத்தம் மூளையின் சிறிய ரத்தக்குழாய்களையும் சத்தமில்லாமல் பலவீனப்படுத்தும்.

டிஜிட்டாலிஸ் மருந்து, உப்புக் குறைப்பு, எடைக் குறைப்பு, சிகரெட் குறைப்பு, ஓய்வு. புரூனால் தர முடிந்தது அவ்வளவுதான். மூச்சுத்திணறல் குறைந்தது, பிபி குறையவில்லை. வருஷ கடைசியில் 260/150-ஐத் தொட்டது. இதற்கிடையில் நான்காவது முறையாக தேர்தலில் நின்று ஜெயித்தும் விட்டார். நோய் விவரம் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. ஏன், ரூஸ்வெல்ட்டிடமே முழுசா சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை!

டாக்டர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வயசானால் பிபி ஏறத்தான் செய்யும், அது இயல்புதான் என்று அன்றைக்குப் பல மருத்துவர்களே நம்பினார்கள். இன்று சாதாரணமாகத் தரப்படும் தையசைடு வகை மாத்திரை புழக்கத்துக்கு வந்ததே 1958-ல்தான்.

ரூஸ்வெல்ட் இறந்து 3 ஆண்டுகள் கழித்து, அடுத்த அதிபர் ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே 1948-ல் மாசசூசெட்ஸின் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் ஆய்வு தொடங்கியது. சேர்ந்தவர்கள் 5,209 பேர். உயர் ரத்த அழுத்தம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கிறது என்பதை, வருஷக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்து கவனித்துத்தான் உறுதி செய்தார்கள்.