டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ்: அளந்தவரும் அளக்கப்பட்டோரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து இரயிலில் நீலகிரிக்குச் சென்றோர், போத்தனூர் சந்திப்பில் மேட்டுப்பாளையம் கிளைப்பாதைக்கு மாறினர். 1873இல் திறக்கப்பட்ட அப்பாதை அதிகாரிகளையும் தோட்ட முதலாளிகளையும் மட்டுமல்ல, மலைமக்களை ஆராய வந்த அறிஞர்களையும் கொண்டுசென்றது. அவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். மனித மனத்தை ஆராய்வோர் ஆராயப்படுவோருக்கு என்ன கடன்பட்டிருக்கின்றனர் என்னும் கேள்விக்கு அவர் வாழ்க்கையே ஒரு வழக்குக் கட்டு.

1864இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்த ரிவர்ஸ் மருத்துவம் பயின்று, கேம்பிரிட்ஜில் சோதனை உளவியல் கற்பித்தார். 1898இல் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் அங்கம் வகித்தார். 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே சில மாதங்கள் பணிபுரிந்தார். அவர்களின் பார்வை, நிற உணர்வு, தொடுவுணர்வு, வலியுணர்வு ஆகியவற்றைச் சோதித்தார். அன்றைய கோயம்புத்தூர் மாவட்ட மலைகளில் வாழ்ந்த ஊராளிகள், சோளகர்களின் பார்வை குறித்த அவர் கட்டுரையைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1903இல் வெளியிட்டது. அதே அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து சாதிகளை வகைப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது.

ரிவர்ஸ் தர்ஸ்டன் அல்லர். பழங்குடிகளுக்கு விலங்குகளையொத்த கூரிய புலன்கள் உண்டு என்ற ஐரோப்பிய நம்பிக்கையை அவர் சோதனைகள் பெரிதும் தகர்த்தன. சில கோட்டு மாயத்தோற்றங்களில் ஐரோப்பியரைவிடத் தோடர்கள் குறைவாகவே ஏமாந்தனர். எனினும், நீலத்துக்குத் தனிச்சொல் இல்லாத மக்களுக்கு அந்நிற உணர்வும் சற்றுக் குறைவாக இருக்கலாம் என்று அவர் கருதியதைப் பின்னாளில் டிட்செனர் என்னும் உளவியலாளர் மறுத்தார். நல்லெண்ணம் உடையவரின் அளவுகோலிலும் மேல் கீழ் என்னும் வரிசை ஒளிந்திருக்க முடியும்.

சோதனைக்கு அப்பால் நடந்தவையே நம்மை அதிகம் உறுத்துகின்றன. இறந்த உறவினரின் பெயரை உச்சரிப்பது தோடர்களிடையே விலக்கு. ஆகவே ஒரு குடும்பத்தின் வம்சாவளியைப் பிறரிடம் கேட்டு ரிவர்ஸ் தொகுத்தார். புனிதப் பால்மனைகளின் இரகசியச் சடங்குகளையும் கேட்டறிந்தார். அவருக்குப் புனித இடங்களைக் காட்டிய ஒருவர் நோயுற்றார். சடங்கொன்றைச் செய்துகாட்டிய மற்றொருவர் மனைவியை இழந்தார். இரகசியங்கள் அந்நியருக்கு வெளிப்பட்டதால் தெய்வங்கள் சினந்தன என்று குறிசொல்வோர் கூறினர். அதன்பின் மக்கள் பேசத் தயங்கினர். இவற்றையெல்லாம் மறைக்காமல் எழுதியவர் ரிவர்ஸே. ஆயினும் 1906இல் தோடர்களைப் பற்றிய அவர் நூல் வெளிவந்தபோது, அந்தச் சடங்குகளும் பெயர்களோடு கூடிய வம்சாவளிகளும் அதில் இருந்தன. அன்று தோடர்கள் ஏறத்தாழ 800 பேர். அத்தனை சிறிய சமூகத்தில் எவருக்கு மறைவிடம் உண்டு?

இதற்கு நேரெதிரான ஒரு காட்சி கேம்பிரிட்ஜில் அரங்கேறியது. 1903இல் மருத்துவர் ஹென்றி ஹெட் தம் கையின் நரம்பை அறுவை மூலம் துண்டிக்கச் செய்தார். உணர்வு மீள்வதை ரிவர்ஸ் நான்கு ஆண்டுகள் சோதித்தார். ஹெட் அனைத்தும் அறிந்து இசைந்தார்; எப்போது வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம். 1908இல் வெளியான கட்டுரையில் அவர் பெயர் ஆசிரியராக இடம்பெற்றது. தோடர்களின் பெயர்களோ தரவாக அச்சேறின. இருவரும் சோதிக்கப்பட்டவர்களே, உரிமை ஒருவருக்கு மட்டுமே வாய்த்தது.

முதல் உலகப் போரில் மனம் சிதைந்த படைவீரர்களைக் கோழைகள் என்று இகழாமல், பேசவைத்துக் குணப்படுத்தினார் ரிவர்ஸ். குணமானவர்களைத் திரும்பப் போர்முனைக்கு அனுப்ப வேண்டிய கடமை அவர் மனத்தை அலைக்கழித்தது. தொழிற்கட்சி வேட்பாளராக நாடாளுமன்றத் தேர்தலுக்கு நிறுத்தப்பட்டிருந்த நிலையில், 1922 ஜூனில் மறைந்தார்.

அவரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. ஆய்வாளரின் கருணை, ஆய்வுக்குட்பட்டவரின் உரிமைக்கு ஈடாகாது என்பதே அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது. உண்மை அறியும் சோதனை, மயக்கமருந்து விசாரணை, மூளை வரைபடச் சோதனை ஆகியவற்றை எவர்மீதும் கட்டாயமாகத் திணிக்கலாகாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனம் ஒருவரின் சொந்த எல்லை என்பதை அத்தீர்ப்பு ஏற்றது. சமூகத் தலைவரின் அனுமதி தனிநபரின் ஒப்புதலுக்கு மாற்றாகாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின் நிலைப்பாடு.

ஏட்டில் இவ்வளவு இருந்தும், ஆய்வேட்டுக்காக வினாத்தாள் ஏந்திச் சேரிக்கும் மலைக்கும் செல்லும் மாணவர் எத்தனை பேர் இவற்றை அறிந்திருக்கின்றனர்? சாதி வன்கொடுமையில் பிள்ளையை இழந்த தாயிடம் மனச்சோர்வின் அளவைக் கேட்குமுன், அவர் மறுக்கலாம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும். ஊர்ப்பெயரையும் குடும்ப விவரத்தையும் சேர்த்து அச்சிட்டால், பெயரை நீக்கியும் பயனில்லை; ஆதிக்கச் சாதியினர் அவரை எளிதில் அடையாளம் காண்பர். முடிவுகளை அவரிடமே திரும்பக் கொண்டுசென்று காட்டவும் வேண்டும். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அளக்கப்பட்டவர்கள். இன்று நம் பிள்ளைகள் சிலர் கையிலும் அளவுகோல் வந்துள்ளது. அதை எவ்வாறு பிடிப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.