ரங்கூனிலிருந்து மாநகராட்சி மன்றத்துக்கு: அன்னை மீனாம்பாள்

புதுக்கோட்டையில் பெண்களின் அரசியல் வரலாறு பேசப்படும்போது, அம்மண்ணில் பிறந்து சென்னைச் சட்ட மேலவையின் துணைத்தலைவராக உயர்ந்த முத்துலட்சுமி ரெட்டியை நாம் நினைவுகூர்கிறோம். அது தகும். ஆனால், அதே காலத்தில் அதே சென்னையில் பொதுவாழ்வுக்கு வந்த தலித் தலைவர் மீனாம்பாளை என். சிவராஜின் துணைவியார் என்ற அளவிலேயே நிறுத்திவிடுகிறோம்.

1904 டிசம்பர் 26 அன்று ரங்கூனில் பிறந்தவர் மீனாம்பாள். பாட்டனார் மதுரைப்பிள்ளை அங்கே பெருவணிகர். கடல் கடந்த உழைப்பு ஈட்டித் தந்த செல்வமும் கல்வியும் அவரைத் தலைநிமிர வைத்தன. மணமாகிச் சென்னையில் வாழ்ந்த அவர், 1928இல் காங்கிரஸ் புறக்கணித்த சைமன் குழுவை ஆதரித்துப் பேசினார். அதிகாரம் சாதி இந்துக்களின் கைக்கு மாறும் முன்பே ஒடுக்கப்பட்டோரின் உரிமைகள் உறுதியாக வேண்டும் என்பதே அன்றைய ஆதிதிராவிட இயக்கத்தின் நிலைப்பாடு.

பின்னர் சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் கௌரவ நீதிபதியாகவும் பணியாற்றினார். ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ பட்டம் வழங்கிய 1938ஆம் ஆண்டுப் பெண்கள் மாநாட்டின் முன்னணியில் நின்றார். 1944இல் அம்பேத்கர் சென்னை வந்தபோது, பட்டியலினக் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். 1992இல் மறைந்தார்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிப்பட்டதும் ஒரு டிசம்பர் 26 அன்றுதான், ஆண்டு 2022. குடிநீரும் தெருவும் சுடுகாடும் முடிவாகும் இடம் உள்ளாட்சி மன்றம். அங்கே தலித் பெண் பெயரளவில் அன்றி அதிகாரத்தோடு அமர வேண்டும். மீனாம்பாள் நமக்கு விட்டுச்சென்ற பணி அதுவே.