வேதாளத்தைப் பேசவைத்தவர்

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய தமிழ்ப் பிள்ளைகளைப் பல தலைமுறைகளாக மயக்கி வைத்திருந்த இதழ் அம்புலிமாமா. முருங்கை மரத்திலேறி, பிணத்தை இறக்கித் தோளிற் சுமந்து மயானம் நோக்கி நடக்கும் விக்கிரமாதித்தனை அறியாத பிள்ளைகள் அந்நாளில் அரியர். ஆயினும் அக்கதைகளுக்குப் பின்னிருந்த ஆசிரியரின் பெயரை அறிந்தோர் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. அவர் கொடவடிகண்டி குடும்பராவ் ஆவார்.

1909ஆம் ஆண்டு ஆந்திரத்தின் தெனாலியில் பிறந்த அவர், இயற்பியல் பயின்று, மேற்கல்விக்காகக் காசி இந்துப் பல்கலைக்கழகம் வரை சென்றவர். தெலுங்கில் சிறுகதைகளும் புதினங்களும் எழுதிப் புகழ் பெற்றார். பகுத்தறிவிலும் மார்க்சியத்திலும் ஆழ்ந்த பற்றுடையவர். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் தொடங்கிய அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பினை 1952இல் ஏற்றார். அசோக் நகரை அடுத்த வடபழனியே அவ்விதழின் இல்லமாக விளங்கியது. அங்குத் தெலுங்கில் உருவான கதைகள் தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளுக்குச் சென்றன.

பேயையும் பூதத்தையும் நம்பாத ஒருவர் வேதாளக் கதைகளை வளர்த்தது முரணாகத் தோன்றலாம். கதையின் அமைப்பை நோக்கின் அம்முரண் நீங்கும். ஆயிரத்தொரு இரவுகளில் ஷஹ்ரஸாத் தன் உயிரைக் காக்கக் கதை சொல்கிறாள். கேட்கும் மன்னன் எதற்கும் விடை கூற வேண்டியதில்லை. வேதாளமோ கதையின் முடிவில் நீதி பற்றிய ஐயமொன்றை எழுப்புகிறது. விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் மன்னனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரத்திற்குத் திரும்பிவிடும். இவ்விரண்டிற்கும் இடையே அவன் ஒவ்வொரு முறையும் பேசுவதையே தேர்கிறான். மன்னன் விடை கூறுமுன் தாமே ஒரு விடை காண முயலாத பிள்ளைகள் உண்டோ?

வடமொழி மூலத்தில் உள்ள வேதாளக் கதைகள் 25 மட்டுமே. திங்களுக்கு ஒன்றென வெளியிடின் ஈராண்டுகள் கடந்ததும் அவை தீர்ந்துவிடும். ஆதலின் புதிய கதைகள் அதே வார்ப்பில் ஆக்கப்பெற்றுத் தொடர் பல்லாண்டுகள் நீண்டது. ஓவியர் சங்கரின் தூரிகை அக்காட்சியை நெஞ்சில் நிலைநிறுத்தியது. ஹோமரின் கிரேக்கக் கதைகளும் பிற நாட்டுக் கதைகளும் அவ்விதழில் எளிய நடையில் இடம்பெற்றன.

1980ஆம் ஆண்டு ஆகஸ்டில் மறையும்வரை குடும்பராவ் அப்பணியில் இருந்தார். புதின ஆசிரியராகத் தமக்கிருந்த புகழைப் பிள்ளைகளின் பக்கங்களுக்குள் அவர் கொண்டுவரவில்லை. பெயரின்றியே அங்கு எழுதினார். இன்று அம்புலிமாமா வெளிவருவதில்லை. எனினும் தேர்வுக்கெனவன்றி, விருப்பத்தினால் நூலைக் கையிலெடுக்கும் பழக்கத்தை நம்மில் பலர் பெற்றது அப்பக்கங்களில்தான். இலக்கியம் பயிலும் நம் மாணவர்கள், தமக்கு முதன்முதல் கதைச் சுவையூட்டிய எழுத்தாளர் யாவர் எனத் தேடி அறிதல், அவர்க்குச் செய்யும் நன்றியாகும்.