கடலின் நீலமும் சர் சி. வி. இராமனும்

திருச்சி மண்ணில் 1888-இல் பிறந்த இராமன், 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தார். அலுவலகம் போக மிஞ்சிய காலையும் இரவும் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் கழிந்தன. 1917-இல் பெருஞ்சம்பளத்தை உதறிப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று அறிஞர் ரேலி கருதினார். இராமனுக்கோ ஐயம். 1921-இல் கப்பற்பயணத்தின்போது, நிக்கோல் பட்டகத்தால் அப்பிரதிபலிப்பை விலக்கி நோக்கினார். நீலம் மறையவில்லை, மேலும் பொலிந்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெளிந்தார். நீர் செந்நிறத்தை விழுங்குவதும் ஒரு காரணமென இன்று அறிவோம். நுண்பாசிகளும் அவை உதிர்க்கும் துகள்களும் மலிந்த கடல் பசுமையாகத் தோன்றும். அவை அருகிய இடத்தில்தான் நீரின் சொந்த நிறம் துலங்கும்.

அந்த ஐயமே 1928-இல் இராமன் விளைவாக முதிர்ந்து, 1930-இல் நோபெல் பரிசாகக் கனிந்தது. இந்நகரில் பயிலும் தமிழ் மாணவர்காள், பெரியோர் சொன்னதாயினும் சோதித்தறிவோம்!